மீட்டரும் மீஸானும்



வீட்டிலே இயந்திரம் வைத்து ‘பிட்காயின்’ எடுத்தால், மின்கட்டணம் போக இலாபம் நிற்குமா என்று நம் வாலிபர்கள் பலர் கேட்கிறார்கள். தொழிலில் கணக்குப் பார்ப்பது குற்றமன்று. ஆனால் கணக்கு முழுமையாக இருக்க வேண்டும்.

‘மைனிங்’ எனப்படும் இத்தொழிலில் மண்ணைத் தோண்டுவதில்லை. உலகெங்குமுள்ள கணினிகள் ஒரு விடையைத் தேடி இரவு பகலாகப் போட்டியிடுகின்றன. ஏறக்குறைய 10 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு விடை கிட்டும். கண்டவருக்குப் புதிய நாணயம் கிடைக்கும். 2009-ல் 50 நாணயமாக இருந்த அவ்வெகுமதி, நான்கு முறை பாதியாகி, 2024 ஏப்ரல் முதல் 3.125 ஆகிவிட்டது. போட்டியோ பெருகிவிட்டது. ஆகவே வீட்டில் ஓட்டுபவர் பலரோடு கூட்டுச் சேர்ந்து அற்பப் பங்கையே பெறுகிறார்.

செலவைப் பாருங்கள். 3,250 வாட் இழுக்கும் இயந்திரம் ஓய்வின்றி ஓடினால் நாளைக்கு 78 யூனிட். 30 நாளில் 2,340 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 23,400 ரூபாய்! இயந்திரத்தின் விலையும், அதைக் குளிர்விக்கும் செலவும் வேறு. நாணயத்தின் விலை இறங்கினாலும் மின்கட்டணம் இறங்காது.

இங்கேதான் ஷைத்தான் நுழைகிறான். ‘கட்டணம்தானே தடை? பிறர் கட்டும் மின்சாரத்தில் ஓட்டு’ என்கிறான்.

நம்மவர் பலர் பிழைக்கச் சென்றுள்ள குவைத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே மின்சாரச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. அம்மலிவை நம்பி அல்வஃப்ரா பகுதியில் சுமார் 100 வீடுகளில் இவ்வியந்திரங்கள் ஓடின. சில வீடுகள் சாதாரண வீட்டைவிட 20 மடங்கு வரை மின்சாரத்தை விழுங்கின. 2025-ல் அரசாங்கம் சோதனையிட்டுத் தடுத்ததும், ஒரே வாரத்தில் அப்பகுதியின் மின்செலவு 55 சதவிகிதம் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் அந்நாட்டு மக்கள் வெயிலில் மின்வெட்டை அனுபவித்தார்கள்.

கப்பலின் கீழ்த்தட்டில் இருப்போர் தங்கள் பகுதிதானே என்று துளையிட்டால், மேல்தட்டினரும் சேர்ந்தே மூழ்குவர் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் உவமை கூறியுள்ளார்கள். மின்சாரமும் பலர் ஏறிய கப்பலே. மீட்டரைத் தவிர்த்துக் கம்பி இழுப்பது பட்டப்பகல் திருட்டு. வாடகையோடு மின்சாரம் சேர்ந்த அறையில் சொந்தக்காரருக்குத் தெரியாமல் ஓட்டுவதும், முதலாளியின் கடையில் ஓட்டுவதும் அமானித மோசடியே. இது ஹக்குல் இபாத். தவ்பா செய்தாலும் உரியவரிடம் ஈடு செய்தாக வேண்டும். தமக்கு நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் குறைப்போரை ‘முதஃப்ஃபிஃபீன்’ அத்தியாயம் எச்சரிப்பதை மறக்கலாகாது.

இந்நாணயத்தைப் பற்றியே உலமாக்களிடம் கருத்து வேற்றுமை உண்டு. இதைப் பணமாகப் பயன்படுத்துவது ஹராம் என்று இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில் தீர்ப்பளித்தது. நிபந்தனையோடு ஆகுமென்போரும் உளர். ஆனால் பிறர் பொருளை அபகரிப்பது ஹராம் என்பதில் எவருக்கும் வேற்றுமை இல்லை.

எனவே, தாய்மார்களே! உங்கள் பிள்ளை இலாபம் என்று பணம் நீட்டினால், ‘இந்த மாத மின்கட்டணச் சீட்டு எங்கே?’ என்று கேளுங்கள். முழுக் கட்டணத்தையும் கட்டிய பின் எதுவும் மிஞ்சாவிட்டால் அத்தொழிலை விட்டுவிடச் சொல்லுங்கள். கட்டாததால்தான் மிஞ்சுகிறது என்றால் அது இலாபமன்று, பிறர் ஹக்கு.

மீட்டரை ஏமாற்றலாம், மஹ்ஷரின் மீஸானை ஏமாற்ற இயலாது. பொருளை எவ்வழியில் ஈட்டினாய் என்ற கேள்விக்கு வெட்கமின்றிப் பதில் கூறும் நற்பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.