மேல்வீட்டு மழையும் கீழ்வீட்டு வெள்ளமும்

ஒருவன் தன் வீட்டு முற்றத்துக்குச் சீமெந்து இடுவதை அறவியல் ஆராய்ச்சிக்குரிய பொருளாக எவரும் கருதுவதில்லை. நிலம் அவனுடையது, சீமெந்தும் அவனுடையது. ஆயினும், மேற்கு இலண்டனின் ஒரு பகுதியை எடுத்து நோக்குமிடத்து, பொறுப்பு என்னும் கருத்தின் கடினமான சிக்கலொன்று இச்சிறு செயலிலேயே அடங்கியிருத்தல் புலனாகும்.

கென்சல் கிறீனிலிருந்து தெற்கு நோக்கி ஓடித் தேம்சு நதியிற் கலந்த கவுண்டர்ஸ் கிறீக் என்னும் ஓடை இன்று பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் கீழ்ப்பகுதி 1828இல் கென்சிங்ரன் கால்வாயாகத் திறக்கப்பட்டது. 1863இல் அவ்வழியே புகையிரதப் பாதை வந்தது. ஓடை நிலக்கீழ்க் கழிவுநீர்க் கால்வாயாயிற்று. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்சின் துர்நாற்றம் பாராளுமன்றத்தையும் எட்டிய பின்னர் யோசப் பசல்கெற் உருவாக்கிய பெருந்திட்டத்தில், மலசலகூடக் கழிவும் மழைநீரும் ஒரே குழாயிலேயே செல்கின்றன. பெருமழையில் அக்குழாய் நிரம்பும். நிரம்பிய நீர் வெளியேற வழி தேடும். வீதி மட்டத்துக்குக் கீழேயுள்ள நிலக்கீழ் அறைகளின் மலசலகூடங்களும் தரை வடிகால்களுமே அதற்கு முதலிற் கிடைக்கும் வாயில்கள். 2021 யூலை 12ஆம் நாள் கென்சிங்ரனில் பல வீடுகளுக்கு நேர்ந்தது இதுவே. வாசலால் வரும் வெள்ளத்தை இயற்கையின் சீற்றம் என ஏற்கலாம். அயலாரின் கழிவோடு மலசலகூடத்தினூடாக ஏறி வரும் வெள்ளத்தை அவ்வாறு ஏற்க மனம் ஒப்புவதில்லை.

இத்தீங்கினை இழைத்தவர் யார்? நூறு சதுர மீற்றர்க் கூரையில் 30 மில்லிமீற்றர் மழை பெய்தால் 3,000 லீற்றர் நீர் சேரும். பெருங்கால்வாயின் கொள்ளளவில் அது துளியே. எந்த ஒரு முற்றத்தின் சீமெந்தைப் பெயர்த்தாலும் கீழ்வீட்டு அறையில் நீர்மட்டம் உணரத்தக்க அளவுக்குக் குறையாது. ஆகவே ஒவ்வொருவரும் தாம் தீங்கு எதுவும் செய்யவில்லை என்று கூறிவிடலாம். தெறெக் பார்பிற் 1984இல் வெளியிட்ட நூலில் இத்தகைய வாதத்தினை அறக்கணக்கின் தவறுகளுள் ஒன்றாகக் காட்டினார். அவர் கற்பனை செய்த துன்புறுத்துவோர் ஆயிரவர், ஒவ்வொருவரும் கூட்டும் வலி உணரமுடியாத அளவினது, கூட்டுத்தொகையோ கொடுந்துன்பம். சீமெந்து இடுவோனுக்கு அத்தகைய நோக்கம் இல்லை என்பது மெய்யே. தன் நீர் எங்கே செல்கிறது என்பதையும் அவன் அறியான். அறியாமை குற்றத்தைக் குறைக்கலாம், பொறுப்பை நீக்காது. நீர் செல்லுமிடத்தை மறந்துவிடும் வசதிக்காகவன்றோ குழாய்கள் நிலத்தின்கீழ் இடப்பட்டன!

இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டத்தைப் பயில்வோர்க்கு இவ்விடத்தில் மழைநீர் பற்றிய பழைய உரோம வழக்கு நினைவுக்கு வரும். மேல்நிலத்திலிருந்து இயல்பாக வழியும் நீரைக் கீழ்நிலத்தவன் ஏற்கவேண்டும். மேல்நிலத்தவன் கட்டிய ஒன்றினால் நீரின் போக்கு மாறித் தீங்கு நேரின், அதனைத் தடுக்குமாறு கோரலாம். வயல்நிலத்துக்கு உரிய இவ்விதி இரு அயலவரிடையே மிகத் தெளிவானது. பல்லாயிரம் கூரைகள் ஒரே குழாயில் வடியும் நகரத்திலோ, வழக்கிடுபவன் உண்டு. எதிராளியைச் சுட்டத்தான் இயலாது. அந்த இடைவெளியிலேயே அரசின் விதி நுழைகின்றது. 2008 ஒக்டோபர் முதல் இங்கிலாந்தில் வீட்டு முன்றிலில் 5 சதுர மீற்றருக்கு மேல் நீர்புகாத் தளம் இட்டு, அந்நீரை மண்ணுக்குள் வடியவிடாதவர் அனுமதி பெறல் வேண்டும். ஐந்து சதுர மீற்றர் ஒரு மோட்டார் வண்டிக்கும் போதாது. தனியுரிமையில் அரசு இவ்வளவு தலையிடலாமா எனச் சிலர் சினக்கலாம். அச்சினம் குழாயின் மேல்முனையில் நிற்போரின் சினம்.

தாழ்விடத்தில் வாழ்வோர் தாமே அதனைத் தெரிந்தெடுத்தனர் என்னும் மறுப்பும் உண்டு. அண்மைக் காலத்தில் தம் மாளிகையின்கீழ் நிலத்தைத் தோண்டிய செல்வருக்கு அது ஓரளவு பொருந்தும். பழைய வீடுகளின் சமையற்கூடமும் வேலையாட்களின் இடமுமாயிருந்து, பிற்காலத்தில் வாடகைக் குடியிருப்பாக மாறிய அறையில் வாழ்பவருக்குப் பொருந்தாது.

நிலக்கீழ் அறைகளிற் பொருத்தப்படும் பம்பியும் தடுப்பு வால்வும் அவ்வீட்டைக் காக்கும். குழாயிலுள்ள நீரைக் குறைப்பதில்லை. தன் வாயிலை அடைத்தவனுக்கு வராத நீர் அடைக்காதவனின் வாயிலைத் தேடும். அதற்காக அடைத்தவனைப் பழித்தலும் ஆகாது. தன் படுக்கையறையைக் காத்தல் குற்றமன்று. பொது ஏற்பாடு இன்மையே அவனை அந்நிலைக்குத் தள்ளுகின்றது. இப்பகுதிக்கெனத் திட்டமிடப்பட்ட புதிய வெள்ள நிவாரணச் சுரங்கக் கால்வாய் 2018இல் கைவிடப்பட்டது. வெள்ளம் மூன்றாண்டுகள் கழித்து வந்தது.

சுரங்கத்தினும் சிறியதொரு முயற்சி வைற் சிற்றியில் உள்ளது. அங்கே பாடசாலையை ஒட்டிய அவுஸ்திரேலியா வீதி 2015இல் நீர் ஊறும் கற்றளமும் தாழ்ந்த செடிப்பாத்திகளும் கொண்ட திடலாக மாற்றப்பட்டது. அங்கு விழும் மழை குழாயை நோக்கி விரையாது, பாத்திகளில் தங்கி மெல்ல வடிகின்றது. அதனால் நீர் புகாது தப்பும் அறை எங்கோ கீழே, பெயர் அறியாத ஒருவருடையது.