பார்க்க மட்டும்தான் வந்தோம்

கடலுக்குள் இறங்குவதற்கு முன் வழிகாட்டி சொல்கிற விஷயங்கள் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றேதான். "எதையும் தொடாதீங்க. பவளத்து மேல காலை ஊணாதீங்க. எதையும் எடுக்காதீங்க. பாத்துக்கிட்டே வாங்க, அவ்வளவுதான்." கண்ணாடியை மாட்டி, ஸ்நார்க்கல் குழாயைப் பல்லில் கவ்வி, லைஃப் ஜாக்கெட்டோடு குப்புற மிதக்கிறோம். கண் ஒரு உலகத்தில், மூச்சு இன்னொரு உலகத்தில். கீழே ஓரா மீன் கூட்டம் ஒன்று மொத்தமாகத் திரும்புகிறது. கிளிமீன் பவளத்தைக் கொறிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது. முக்கால் மணி நேரத்தில் படகேறி, தலையைத் துவட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். எதையும் எடுக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. மனசு சுத்தமாக இருக்கிறது.

இந்தச் சுத்தத்தைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி. தொடாமல் பார்த்தவர் நல்லவர், கை வைத்து எடுத்தவர் கெட்டவர் என்கிற கணக்கு எங்கிருந்து வந்தது? அது சரிதானா?

சாத்தான்குளம் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் புதுசு. உடன்குடி வழியாக பஸ் பிடித்தால் மணப்பாட்டுக் கடல் தூரமில்லை. ஆனால் தேரிச் செம்மண்ணிலும் பனங்காட்டிலும் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது கரையில் நின்று பார்ப்பது, திருச்செந்தூரில் ஒரு முழுக்குப் போடுவது, அப்புறம் மீன் குழம்பு. தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் கண்ணைத் திறந்து பார்க்கலாம் என்கிற யோசனை, கண்ணாடியும் குழாயும் வாடகைக்குக் கிடைக்க ஆரம்பித்த பிறகு வந்ததுதான்.

அதே கரையில் இரண்டாயிரம் வருஷமாகத் தலையை உள்ளே விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்கப் போகவில்லை, எடுக்கப் போனார்கள். முத்து எடுத்தார்கள், சங்கு எடுத்தார்கள். தமிழில் அந்த வேலைக்குப் பெயரே 'குளிப்பது'. முத்துக் குளிப்பது, சங்கு குளிப்பது. இன்னொரு சொல்லும் இருக்கிறது. கடலுக்கு அடியில் சிப்பி விளைகிற பாறைத் திட்டுக்கு இந்தக் கரையில் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு வெளியே இருக்கும் தொலாயிரம் பார் பழைய முத்துக்குளிப்பில் பேர்போன இடம். கண்ணால் பார் என்பதும், கடலடிப் பார் என்பதும் ஒரே ஒலி. ஆனால் முந்தைய பார் நமக்கு, பிந்தைய பார் அவர்களுக்கு என்று பிரிந்துபோயிருக்கிறது.

பார்ப்பவரை உயர்ந்தவராக நினைக்கும் பழக்கம் நமக்குள் ஆழமாக ஊறியது. முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள் உட்கார்ந்திருக்கும். ஒன்று பழத்தைத் தின்னும், மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கும். எந்தப் பறவை மேலானது என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐரோப்பாவிலும் 1790இல் வெளிவந்த நூலில் காண்ட் அழகைப் பற்றி இதற்குப் பக்கத்தில் வருகிற ஒன்றைச் சொன்னார். ஒரு பொருள் எனக்கு வேண்டும், எனக்குப் பயன்படும் என்கிற ஆசை எதுவும் கலக்காத இன்பம்தான் அழகைக் காணும் இன்பம். ஸ்நார்க்லிங் டிக்கெட்டில் நமக்கு விற்கப்படுவது இந்த இரண்டாவது பறவையின் இடம்தான். தின்னாத பறவை, ஆசையில்லாத கண்.

ஆனால் மன்னார் வளைகுடாவில் நடந்ததை வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளத் திட்டுகள். 1986இல் இது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். இந்த 21இல் இரண்டு இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கிவிட்டன. அலையைத் தாங்கி நின்ற பவளத்தைப் பல காலம் வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வெட்டின கை உள்ளூர்க் கைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பவளம் எங்கே போனது? சுண்ணாம்புக் காளவாசலுக்கு, ஆலைகளுக்கு, சுவர்களுக்கு. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள், பவளக் கல். அதன் முன்னால் நின்றுதான் எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொள்கிறோம். வெட்டினவர் ஒருவர். அதில் குடியிருந்தவர், அதை விற்றவர், அதில் செய்த பொருளை வாங்கினவர் என்று பின்னால் ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் தண்ணீருக்குள் விரலைக்கூட நனைத்ததில்லை. 2001இல் பவளம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது, வெட்டுவது குற்றமானது. நல்லது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கும் கை மட்டும்தான் தெரியும்.

அடுத்த அழிவில் கைகூட இல்லை. பவளம் என்பது கல் இல்லை. சின்னச் சின்ன உயிர்கள் கூட்டமாக உட்கார்ந்து கட்டின வீடு அது. ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவைதான் சூரிய ஒளியிலிருந்து சாப்பாடு செய்து பவளத்துக்குக் கொடுப்பவை, நிறம் கொடுப்பவையும் அவைதான். கடல் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த உறவு முறிந்து பாசிகள் வெளியேறுகின்றன. பவளம் வெள்ளையாகிறது. சூடு சீக்கிரம் இறங்கினால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பெரிய அளவில் இப்படி வெளிறியது. அந்தச் சூட்டை யார் ஏற்றினார்கள்? ஏசி போட்ட காரில் ராமேஸ்வரம் போய், எதையும் தொடாமல் பார்த்துவிட்டுத் திரும்புகிற நாமும் அந்தப் பட்டியலில் உண்டு. நாம் கடலைத் தொடவில்லை என்பது, கடலுக்குள் இருக்கும் அந்த முக்கால் மணி நேரத்துக்கு மட்டும்தான் உண்மை.

சரி, எல்லோரும் குற்றவாளி, அதனால் யாரும் குற்றவாளி இல்லை என்று இதை முடித்துவிடலாமா? கூடாது. ஏனென்றால் 'தொடாதவர் நல்லவர்' என்கிற கணக்குக்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பது நாம் இல்லை.

பாம்பன் பக்கம் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போகிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையிலிருந்து பாசியைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருகிறார்கள். பூங்கா எல்லை கறாராக ஆன பிறகு அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போன தீவுகள் தடைப் பகுதி ஆகிவிட்டன. பிடிபட்டால் அபராதம், பறிமுதல் என்று பயத்தோடு செய்கிற தொழிலாகிவிட்டது. அதே வளைகுடாவில் கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் சுற்றுலாப் பயணி பவளம் பார்க்கப் போக டிக்கெட் கிடைக்கிறது. அவரும் கண்ணாடி போட்டிருக்கிறார், இவரும் கண்ணாடி போட்டிருக்கிறார். ஒருவர் விருந்தாளி, இன்னொருவர் அத்துமீறியவர். வித்தியாசம் என்ன? ஒருவருக்கு அந்தக் கடலில் எதுவும் தேவையில்லை. அந்தத் தேவையில்லாமைதான் அவருடைய அனுமதிச் சீட்டு.

அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, பாசி வளர்கிற காலத்தில் தொழிலையே நிறுத்துவது என்று தாங்களாகக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இதை முன்னின்று நடத்திய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. அவர்களை அப்படிக் கட்டுப்பாடு வைக்கச் செய்தது எது? அடுத்த மாதமும் அதே பாறைக்குத்தான் வர வேண்டும் என்பது. பாசி வேரோடு போனால் தங்கள் அடுப்பு அணையும் என்பது. எடுப்பவர் திரும்பி வர வேண்டியவர். பார்ப்பவர் திரும்பி வர வேண்டாதவர். தொடுவதா தொடாமல் இருப்பதா என்பதைவிட, திரும்பி வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறதா இல்லையா என்பதுதான் இங்கே உண்மையான கோடு என்று எனக்குத் தோன்றுகிறது.

தேரிக்காட்டில் இது சுலபமாகப் புரியும். பனை ஏறுகிறவர் மரத்தின் பாளையைச் சீவுகிறார், அதாவது தினமும் மரத்தைக் காயப்படுத்துகிறார். ஆனால் ஒரு மரம் சுணங்கினால் முதலில் தெரிவது அவருக்குத்தான். சாயங்காலச் சூரியனில் அதே பனையைப் படம் பிடிக்கிறவருக்கு மரம் பட்டுப்போனாலும் படம் நன்றாகத்தான் வரும். ஒருவேளை இன்னும் நன்றாகவே வரும்.

இதற்கு எதிராகச் சொல்ல நிறைய இருக்கிறது. எடுத்தவர்கள் எல்லோரும் நிதானமாக எடுத்தார்களா? இல்லை. பவளம் வெட்டினவரும் திரும்பி வர வேண்டியவர்தான், ஆனாலும் வெட்டினார். நாளைக்குக் காத்திருக்க இன்றைக்குச் சாப்பாடு வேண்டும். வேலை செய்தவருக்குச் சொல்லும் உரிமையே இல்லாத காலமும் இருந்தது. கொற்கையில் முத்தெடுக்கும் வேலை தண்டனைக் கைதிகளைக் கொண்டு நடந்ததாகப் பெரிப்ளுஸ் என்கிற பழைய கிரேக்கக் கடற்பயண நூல் சொல்கிறது. பிற்காலத்தில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பில் முதலில் பாரைச் சோதித்து, சிப்பி முதிர்ந்திருந்தால்தான் குளிக்க விட்டார்கள். பல வருஷங்கள் குளிப்பே கிடையாது. அவ்வளவு காத்திருந்தும் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துபோனது. ஆகவே எடுப்பவரைப் புனிதராக்கி இன்னொரு பொய்க் கணக்கு எழுத வேண்டியதில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: எடுப்பவரிடம் கடல் கணக்குக் கேட்கும், இன்றோ நாளையோ. பார்ப்பவரிடம் கேட்காது. அதனால் பார்ப்பவர் தானாகப் போய்க் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"பாத்தாதானே பாசம் வரும், பாத்தவங்கதானே நாளைக்குக் காப்பாத்துவாங்க" என்று இன்னொரு வாதம். பாதி உண்மை. தாய்லாந்தின் மாயா விரிகுடாவை உலகமே பார்த்தது, பாசமும் வந்தது. அந்தப் பாசம் படகு படகாக வந்து இறங்கி, 2018இல் விரிகுடாவையே மூட வேண்டியதாயிற்று. 2022இல்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். பவளத்தைத் திரும்ப நட்டவர்கள் அந்தப் பாசக்காரர்கள் இல்லை, அங்கேயே இருந்தவர்கள். பார்த்ததால் வருகிற பாசம் தானாகப் பொறுப்பாக மாறிவிடாது. அதை மாற்ற ஏதாவது ஒன்று இடையில் வேண்டும்.

பலாவு என்கிற சின்னத் தீவு நாடு ஒன்று செய்து பார்த்தது. 2017 கடைசியிலிருந்து அங்கே போகிறவர்களின் பாஸ்போர்ட்டில் ஒரு உறுதிமொழி முத்திரை குத்துகிறார்கள். அந்நாட்டுக் குழந்தைகளுக்கு விருந்தாளி கொடுக்கும் வாக்கு அது. கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போக முடியும். பவளத்துக்குக் கெடுதல் செய்யும் ரசாயனங்கள் கலந்த சன்ஸ்க்ரீனை 2020இல் தடை செய்தார்கள். ஒரு கையெழுத்தால் கடல் குளிர்ந்துவிடாதுதான். ஆனால் அந்த யோசனை முக்கியம்: நீ பார்த்தது யாருடையதோ அவரிடம் நீ பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

நம்மூரில் இதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம், கயிறு போதும். முத்துக் குளிக்கிறவர் இடுப்புக் கயிற்றை மேலே படகில் மச்சான் பிடித்திருப்பார் என்று கடற்கரையில் சொல்வார்கள். தன் அக்கா தங்கையின் தாலி அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருப்பதால் அவர் கண்ணயர மாட்டார். நடைமுறை எல்லா இடத்திலும் அப்படியே இருந்ததோ இல்லையோ, அந்தப் பேச்சில் ஒரு அறம் இருக்கிறது. பிடித்திருப்பவருக்கு இழப்பதற்கு ஏதாவது இருந்தால்தான் பிடி உறுதியாக இருக்கும். ஸ்நார்க்லிங்கில் வழிகாட்டி நம்மைப் பிடித்திருக்கிறார். நாம் யாரைப் பிடித்திருக்கிறோம்?

ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் மீனவக் கிராமமே வனத்துறையோடு சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துகிறது. அலையாத்திக் காட்டுக்குள் படகு, கடற்புல்லைப் பார்க்க ஸ்நார்க்லிங், ஊர்ப் பெண்கள் சமைக்கும் நண்டு. கூட்டிப் போகிறவரே அந்தத் தண்ணீரில் வலை போடுகிறவராகவும் இருக்கும்போது பார்வைக்கும் பிழைப்புக்கும் நடுவே இருக்கும் சுவர் கொஞ்சம் இறங்குகிறது. காசும் அந்த ஊரிலேயே தங்குகிறது. எங்கே போவது என்று தேர்ந்தெடுக்க முடிகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்: படகு யாருடையது, எந்த நாளில் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

தண்ணீருக்குள் வாயில் குழாய் இருக்கிறது, பேச முடியாது. கரையேறிய பிறகு முடியும். செல்ஃபோனை வெளியே எடுப்பதற்கு முன் வழிகாட்டியிடம் கேட்கலாம்: "அண்ணே, உங்க அப்பா காலத்துல இது எப்படி இருந்துச்சு? இங்க முன்னாடி பாசி எடுத்தவங்க இப்ப எங்க போறாங்க?" பதில் நமக்குப் பிடித்ததாக இருக்காது. கிளிமீனைப் போல அது அழகாகவும் இருக்காது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்ட பிறகு "பார்க்க மட்டும்தான் வந்தோம்" என்று சொல்ல வாய் வராது. அடுத்த முறை அந்தப் பெண்களைப் படகோடு பிடித்ததாகச் செய்தி வந்தால், கோடையில் கடல் சூடாகிறது என்று நாலு வரி பத்திரிகையில் வந்தால், அதில் நமக்குத் தெரிந்த ஒரு பாறை இருக்கும், நமக்குத் தெரிந்த ஒரு ஆள் இருப்பார்.