காசின் மேல் ஒரு கடவுளின் மகன்

நான்கு கிராம்கூட எடையில்லாத வெள்ளிக்காசு. ஒரு பக்கம் வாகை மாலை சூடிய ரோமப் பேரரசர் திபேரியஸின் பக்கவாட்டு முகம். அதைச் சுற்றி, 'தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்ற பொருளில் லத்தீன் எழுத்துகள். மறுபக்கம் ஒரு பெண் கோலேந்தி அமர்ந்திருக்கிறாள். பேரரசரின் 'தலைமைப் பூசாரி' பட்டம் அவளைச் சுற்றி ஓடுகிறது. இன்றைய பிரான்சின் லியோன் நகரத்து அக்கசாலையில் ஆண்டுக்கணக்காக இதே காசைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தானே கடவுள் என்று திபேரியஸ் இதில் சொல்லிக்கொள்ளவில்லை. அப்பாவைத்தான் சொல்கிறார். வழிகாட்டியவரும் அந்த அப்பாதான். ஜூலியஸ் சீசர் கொலையுண்ட இரண்டே ஆண்டில், கி.மு. 42இல், செனட் அவரைத் தெய்வமாக அறிவித்தது. அவர் சுவீகாரம் எடுத்த வாரிசான ஆக்டேவியன், பின்னாளைய அகஸ்டஸ், சில ஆண்டுகளுக்குள் காசுகளில் தெய்வத்தின் மகனாகிவிட்டார். செத்தவருக்குக் கிடைத்த தெய்வப் பட்டத்தின் பலனை அனுபவித்தவர் உயிரோடிருந்த மகன்.

திபேரியஸ் இதையெல்லாம் நம்பினாரா? கி.பி. 25இல் ஸ்பெயின் தூதர்கள் அவருக்கும் அவர் தாயாருக்கும் கோயில் கட்ட அனுமதி கேட்டார்கள். தானும் சாகப்பிறந்த மனிதன்தான் என்று செனட்டில் பேசி அவர் மறுத்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். (இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஆசிய மாகாணத்து நகரங்களுக்கு அதே அனுமதியைக் கொடுத்தவர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.) காசின் எழுத்து மட்டும் மாறவே இல்லை.

ரோமுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டு இயேசுவை மடக்க வந்தவர்கள் எடுத்துக் காட்டிய காசு இதுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 'சீசருடையதைச் சீசருக்கும் கடவுளுடையதைக் கடவுளுக்கும் கொடுங்கள்' என்ற அவருடைய பதிலை, அரசு வேறு மதம் வேறு என்பதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவர் உருவத்தை மட்டும் கேட்கவில்லை, எழுத்து யாருடையது என்றும் கேட்டார். அந்த எழுத்தில் அரசரின் பங்கும் கடவுளின் பங்கும் ஒரே வரியில் பின்னிக் கிடந்தன. பிரித்துக் கொடு என்று சொன்னாலே பேரரசரின் பாதி உரிமை பறிபோய்விடும். வழக்கமான விளக்கத்தில் இந்தக் கூர்மை காணாமல் போகிறது.

அப்படியானால், அந்தக் காசை மடியில் முடிந்து வைத்திருந்தவன் அதிலுள்ளதை ஏற்றுக்கொண்டவனா? ஜெருசலேம் கோயிலைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. உருவ வழிபாட்டை அறவே ஒதுக்கிய அந்தக் கோயிலுக்குரிய வரி தீரு நகரத்து வெள்ளிக்காசில்தான் செலுத்தப்பட்டது. அதில் இருந்ததோ மெல்கார்ட் என்ற அந்நியத் தெய்வத்தின் தலை! வெள்ளி சுத்தமானது, அது போதுமானதாக இருந்தது.

ஆனாலும் உருவம் யாருக்கும் பொருட்டே இல்லை என்று முடித்துவிட முடியாது. கி.பி. 132இல் பார் கோக்பா தலைமையில் கிளர்ந்தெழுந்த யூதர்கள் புழக்கத்திலிருந்த காசுகளை எடுத்து, பேரரசர்களின் முகத்தின் மேலேயே ஜெருசலேம் கோயில் முகப்பையும் திராட்சைக் குலையையும் அடித்தார்கள். சில காசுகளில் பழைய முகத்தின் விளிம்பு இன்றும் தெரிகிறது. அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் பொறுத்துக்கொண்ட முகம், எதிர்த்து நின்ற நாளில் பொறுக்க முடியாததாகிவிட்டது. நம்பிக்கையைவிட மௌனத்தைத்தான் அந்தக் காசு மக்களிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தது என்று தோன்றுகிறது.

ரோமின் ஆட்சி எட்டாத இடத்தில் இந்தச் சிக்கலே இல்லை. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. மீண்டும் நாணயமாகப் புழங்காமல் இருக்க வெட்டினார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். தெய்வ நிந்தனை என்ற அச்சம் அந்த உளியைப் பிடித்த கைக்கு எதற்கு?

ரோமிலோ அந்தப் பட்டம் நம்பிக்கை மாறிய பிறகும் நீடித்தது. கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்று 337இல் இறந்த பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கு அவருடைய மகன்கள் வெளியிட்ட காசில், தேரில் ஏறிச் செல்லும் அவரை நோக்கி வானத்திலிருந்து கடவுளின் கை நீள்கிறது. அதன் மறுபக்கத்தில் அவர் பெயருக்கு முன்னால், சீசருக்கும் அகஸ்டஸுக்கும் கொடுத்த அதே 'தெய்வமானவர்' பட்டம் இருக்கிறது.