வழி காட்டுபவரும் வழி நடப்பவரும்

(திருச்சானூர் சத்சங்கத்தில் நிகழ்த்திய உரையிலிருந்து)



திருமலைக்குச் செல்பவர்கள் முதலில் இங்கே பத்மாவதித் தாயாரைச் சேவித்துவிட்டுப் பிறகு மலையேறுவது நல்ல சம்பிரதாயம் என்பார்கள். தாயார் நமக்காகப் பெருமாளிடம் பரிந்து பேசுகிறாள். வைணவ ஆசாரியர்கள் இதனைப் 'புருஷகாரம்' என்றனர். தன்னை நாடி வந்தவரை அவள் தன்னிடமே நிறுத்திக்கொள்வதில்லை. அவனிடம் கொண்டு சேர்க்கிறாள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, நேற்று நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். 

மாலையில் பத்ம சரோவரத்தின் படிக்கட்டில் ஓர் அன்பர் என்னைச் சந்தித்தார். சென்னையில் நல்ல உத்தியோகம். வயது நாற்பதைக் கடந்தவர். தகப்பனார் காலமான பின் ஊரிலுள்ள வீட்டைப் பற்றித் தமையனாரோடு மனஸ்தாபம். இரண்டு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. இதற்கிடையில் அவர் ஒரு 'லைஃப் கோச்', அதாவது வாழ்க்கைப் பயிற்றுநர் ஒருவரை அமர்த்திக்கொண்டிருக்கிறார். வாரம் ஒருமுறை தொலைபேசியில் ஒரு மணி நேரம். "முதல் மூன்று மாதம் மிகுந்த பயன் இருந்தது, சுவாமி. என் கோபத்தை நானே பார்க்கக் கற்றுக்கொண்டேன். இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. அவரைக் கேட்காமல் ஒரு கடிதத்துக்குக்கூட என்னால் பதில் எழுத முடியவில்லை. குருவிடம் சரணடைவது போலத்தானே இதுவும்?" என்று வினவினார்.

இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அவர் தவித்துக்கொண்டிருந்தார். தவிப்பவரிடம் ஒரு சொல்லில் பேசலாகாது.

'கோச்' என்ற சொல்லின் கதை சுவையானது. ஹங்கேரி நாட்டில் கோச் என்றொரு கிராமம். அங்கே செய்யப்பட்ட குதிரை வண்டிக்கு ஊரின் பெயரே பெயராயிற்று. பின்னர் 1830-களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வில் கரை சேர்க்கும் ஆசிரியரை விளையாட்டாக அப்படி அழைக்கத் தொடங்கினர். அங்கிருந்து விளையாட்டுத் திடலுக்கும், அண்மைக்காலத்தில் வாழ்க்கைக்கும் அந்தச் சொல் வந்து சேர்ந்தது. வண்டியில் ஏறி அமர்ந்துவிட்டால் வண்டி நம்மைக் கொண்டு சேர்த்துவிடும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது போலும்!

நம்மிடமும் ஒரு தேர் உண்டு. ஆனால் அந்தத் தேரில் சாரதி கடிவாளத்தை மட்டுமே பிடித்தான்; வில் அர்ஜுனன் கையில்தான் இருந்தது. கீதையின் முதல் அத்தியாயத்தைக் கவனித்துப் பாருங்கள். பகவான் அதில் பேசுவது ஒரே ஒரு முறை; எதிரே நிற்பவர்களைப் பார் என்கிறார், அவ்வளவே. அர்ஜுனன் தன்னைச் சீடன் என்று சொல்லி, தானே வாய்திறந்து கேட்ட பிறகே உபதேசம் தொடங்குகிறது. பதினெட்டாம் அத்தியாயத்தில் அனைத்தையும் கூறி முடித்த பின்போ, இதை முழுவதும் ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்ற பொருளில் முடிவை அவனிடமே விட்டுவிடுகிறார். ஆணையிட வல்லவன் ஆணையிடவில்லை.

இந்தத் தாயாரே ஒருவருக்கு வழிகாட்டிய வரலாறு இதற்கு இன்னும் நெருக்கமானது. தாளப்பாக்கம் அன்னமாசாரியார் (1408–1503) எட்டு வயதுச் சிறுவனாக வீட்டை விட்டுத் திருமலைக்குப் புறப்பட்டார். காலில் செருப்பு. பசி. முழங்கால் முறிச்சான் என்று நாம் சொல்லும் செங்குத்தான ஏற்றத்தருகே, மேலே செல்ல இயலாமல் ஒரு பாறையில் சோர்ந்து படுத்துவிட்டார். அப்போது அலர்மேல்மங்கைத் தாயார் மூத்த சுமங்கலி வடிவில் வந்தாள் என்று அவருடைய பேரனார் இயற்றிய சரித்திர நூல் கூறுகிறது. மலை முழுதும் சாளக்கிராமம், குழந்தாய், காலணியைக் கழற்று என்றாள். பிரசாதத்தை உண்ணக் கொடுத்தாள். பிறகு சிறுவன் தன் கால்களால் மலையேறினான்.

அவள் அவனைத் தூக்கிச் சென்றிருக்கலாம், சிறு குழந்தைதானே? அவள் செய்தவை இரண்டே. அவனிடம் இருந்த தடை இன்னதென்று காட்டினாள். நடப்பதற்கு வேண்டிய பலத்தைக் கொடுத்தாள். தடை மலையில் இல்லை, காலில் இருந்தது. அதைக் கழற்றியதும் அவனே.

நல்ல பயிற்றுநரிடம் நாம் எதிர்பார்க்கத் தக்கதும் ஏறக்குறைய இவ்வளவுதான். அவர் கேள்வி கேட்பார், பொறுமையாகக் கேட்டுக்கொள்வார், சென்ற வாரம் செய்வதாகச் சொன்னதைச் செய்தீர்களா என்று விசாரிப்பார். எதற்காக வந்தோம், எத்தனை காலம், கட்டணம் என்ன, சொன்னவை ரகசியமாக இருக்குமா என்பதெல்லாம் தொடக்கத்திலேயே பேசி முடிவாக வேண்டும். 1995-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு கோச்சிங் கூட்டமைப்பின் ஒழுக்க நெறிகளும் இதையே வலியுறுத்துகின்றன. ஆனால் நம் நாட்டில் அந்தப் பெயர்ப்பலகையை எவர் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். தடுக்கும் சட்டம் இல்லை. ஆகவே விசாரித்துச் சேருவது நம் பொறுப்பு. (குருவைத் தேடுவோருக்கும் இது பொருந்தும் என்பதை நான் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது.) 

மற்றொன்று. உறக்கம் போய், உணவு வெறுத்து, உயிர் வாழ்வதே பாரமாகத் தோன்றும் நிலையில் கோச்சும் வேண்டாம், என் போன்றோரின் உபதேசமும் வேண்டாம். மருத்துவரிடம் செல்லுங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அதில் வெட்கத்துக்கு இடமில்லை. 

அன்பரிடம் இவ்வளவும் கூறிவிட்டு, இந்த மலையைச் சேர்ந்த இன்னொரு வரலாற்றையும் சொன்னேன். ஸ்ரீராமாநுஜரின் தாய்மாமன் பெரிய திருமலை நம்பி. ராமாநுஜர் மலையடிவாரத்தில் ஓராண்டு தங்கி அவரிடம் ராமாயணம் கேட்டார். விடைபெறும்போது, நம்பியிடம் இருந்த தம் தம்பி முறையினரான கோவிந்தரைத் தமக்குத் தருமாறு வேண்டி அழைத்துச் சென்றார். பின்னாளில் எம்பார் என்று போற்றப்பட்டவர் இவரே. ஆனால் கோவிந்தருக்கோ பழைய ஆசாரியரின் நினைவு நீங்கவில்லை, உடல் வாடியது. அது கண்டு ராமாநுஜர் அவரைத் திருமலைக்கு அனுப்பிவைத்தார். நம்பி முகங்கொடுத்துப் பேசவில்லை. பிரசாதமாவது தந்து அனுப்பலாகாதா என்று மனைவியார் பரிந்து கேட்க, விற்ற பசுவுக்கு யாராவது புல்லிடுவார்களா என்றார் நம்பி. கோவிந்தர் வந்த வழியே திரும்பினார். அதன்பின் அவர் மனம் நிலைபெற்றது.

இளமையில் இதைப் படித்தபோது எனக்கு நம்பியின் மேல் கோபம் வந்ததுண்டு. எவ்வளவு தொலைவு நடந்து வந்தவர்! ஒரு வாய்ச் சோறு இட்டால் என்ன? பல ஆண்டுகள் பலருக்கு ஆலோசனை கூறி, அவர்களுள் சிலர் என்னை விட்டு நகராமலே இருந்ததைக் கண்ட பிறகுதான், கதவைத் திறக்காமல் உள்ளே அமர்ந்திருந்தவருக்கு அது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று விளங்கியது. 

அன்பர் நெடுநேரம் குளத்து நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கோச் கெட்டவர் அல்லர், சுவாமி" என்றார்.

"நானும் அப்படிச் சொல்லவில்லையே. அவர் காட்ட வேண்டியதை மூன்றாம் மாதத்திலேயே காட்டிவிட்டார். நீங்கள்தான் இன்னும் பாறையில் படுத்திருக்கிறீர்கள்" என்றேன்.

இன்று காலை சுப்ரபாதம் முடிந்த வேளையில் கையில் பையோடு வந்து நமஸ்கரித்தார். மலைக்குத்தான் புறப்படுகிறார் என்று நினைத்தேன். தரிசனத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு, தமையனார் ஊருக்குப் பேருந்து ஏறப்போவதாகச் சொன்னார்.

"அவரிடம் என்ன பேசப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"இன்னும் தெரியவில்லை, சுவாமி" என்றார். பிரசாதம் கொடுத்து அனுப்பினேன்.