நோயுற்ற பூனையும் நமது சீலமும்

2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரில், ஃபீனிக்ஸ் பே பகுதியில் வாழும் உபாசகர் ஒருவர் எம்மிடம் ஒரு வினா விடுத்துள்ளார். அவர் இல்லத்துப் பூனை ஈராண்டாக வயிற்று நோயால் வாடுகின்றது. உண்டதைக் கக்குகின்றது, நீராய்க் கழிகின்றது, சில நாள் தேறுகின்றது, மீண்டும் விழுகின்றது. “அது முன்வினைப் பயன், அனுபவித்துத் தீரட்டும்” என்கின்றனர் அண்டை வீட்டார். “படகுத்துறையில் விட்டுவிடு, மீன் தின்று பிழைத்துக்கொள்ளும்” என்கின்றனர் உறவினர். “ஊசி போட்டு முடித்துவிடுவதே இரக்கம்” என்கின்றார் நண்பர். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கே இடர்ப்படும் குடும்பம் பூனைக்கு மருந்து வாங்குதல் தகுமா என்பது அவருடைய உறுத்தல். பௌத்தர் செய்யத்தக்கது யாது?

முதற்கண் வினைப்பயன் என்னும் கூற்றை ஆராய்வோம். சீவகன் என்னும் பரிவிராசகன், மாந்தர் துய்க்கும் இன்ப துன்பம் அனைத்தும் முன்வினையால் விளைவனவோ என்று வினவியபோது, பகவன் அதனை ஒப்பவில்லை. பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், பேணுதலில் நேரும் பிழை, புறத்தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை விளக்கி, எல்லாம் முன்வினையே என்பார் தாமே கண்டறியக் கூடியதையும் உலகம் உண்மையென அறிந்ததையும் கடந்து பேசுகின்றனர் என்று மறுத்தார். அன்பர்களே! தாழ்ந்த குடியில் பிறந்தது உன் முன்வினை என்று சொல்லியன்றோ நம் முன்னோரைச் சேரிக்குள் அடைத்தனர்? அக்கூற்றைப் பொய்யென்று உதறிப் புத்தரைச் சரணடைந்த நாம், அதே கூற்றை வாயில்லாப் பூனையின் தலையில் ஏற்றுதல் எங்ஙனம் பொருந்தும்?

மணிமேகலைக் காப்பியத்துக் காயசண்டிகையையும் நினைமின். பன்னிரண்டாண்டு யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் வருந்தியவள் அவள். அமுதசுரபியினின்று சோறு இட்ட பின்னரே அவளுடைய சாபத்தின் வரலாறு வெளிப்படுகின்றது. முதலில் சோறு, காரணம் பிறகு. இதுவே தமிழ்ப் பௌத்தத்தின் முறை.

இனி, படகுத்துறையில் விடுதல். வீட்டில் வளர்ந்த நோயுற்ற பூனை, துறையில் வாழும் வலிய பூனைகளுக்கும் நாய்களுக்கும் முன் நில்லாது. பசியாலும் தாகத்தாலும் வருந்தும் நிலையில் ஒரு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுதல், 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். கண்ணுக்கு மறைந்தால் துன்பம் தீர்ந்ததாகாது; துன்பத்தைக் காணும் கண் மட்டுமே மூடப்படுகின்றது.

ஊசி பற்றிய வினாவே கடினமானது. உயிர் இருத்தல், அஃது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் சாவு என்னும் ஐந்தும் கூடின் முதற் சீலம் முறிகின்றது என்பது ஆசிரியர் வகுத்த இலக்கணம். ‘இரக்கத்தினால்’ என்னும் சொல் இவ்வைந்தில் எதனையும் நீக்காது. இங்கே ஒன்றை நேர்மையாக வினவிக்கொள்ள வேண்டும். நாம் முடிக்க விழைவது யாருடைய துன்பத்தை? நள்ளிரவில் எழுந்து தரையைக் கழுவும் நம் துன்பத்தையா, பூனையின் துன்பத்தையா? தேறிய நாளில் வெயிலில் படுத்து உடலை நக்கிக்கொள்ளும் உயிர் சாவை வேண்டுகின்றது என்று கூற நமக்கு என்ன சான்று உண்டு?

ஆயினும், மருந்து பயன்படாத நிலையும் வரும். அப்போது வாயைத் திறந்து உணவைத் திணித்தலும், வதைக்கும் சிகிச்சையை ஓயாது நீட்டித்தலும் சீலம் கேட்பன அல்ல. மருத்துவரிடம் வலி தணிக்கும் மருந்து பெற்று, தூய துணி விரித்து, அமைதியான இடத்தில் உடனிருத்தல் கொலையன்று. அங்கே நோக்கம் சாவு அன்று, வலி குறைத்தலே. வேறு முடிவு செய்த இல்லத்தாரை இகழ்தலும் நமக்கு ஆகாது; சீலம் நம்மை அளக்கும் கோல், பிறரை அடிக்கும் கோலன்று.

பேணும் முறையையும் பகவன் காட்டியுள்ளார். வயிற்றுக்கழிச்சலால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரை, பகவன் நீர் ஊற்ற ஆனந்தர் கழுவ, இருவரும் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர் என்பது விநய பிடகம் கூறும் வரலாறு. தமக்குத் தொண்டு செய்ய விழைவோர் நோயாளிக்குச் செய்க என்று அப்போது கூறியருளினார். மருந்து அமைக்கும் திறன், ஆவது ஆகாதது அறிதல், ஆதாயம் கருதா அன்பு, மலம் சிறுநீர் வாந்தி கண்டு அருவருக்காமை, நல்லுரையால் தேற்றுதல் என ஐந்து பண்புகளைப் பணிவிடை செய்வோர்க்கு வகுத்தார். பூனை தன் நோயை எடுத்துரைக்க இயலாதாகையால், நம் பொறுப்பு இருமடங்காகின்றது.

ஆவது ஆகாதது அறிதல் எனின், மூன்று வாரத்திற்கு மேல் நீடிக்கும் கழிச்சலும் வாந்தியும் நாட்பட்ட நோயின் அடையாளம். குடற்புழு, ஒவ்வா உணவு, குடல் அழற்சி, தைராய்டுச் சுரப்பியின் மிகை, புற்று ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம். ஆதலின் கால்நடை மருத்துவர் மலத்தையும் இரத்தத்தையும் சோதித்தல் வேண்டும். முன்பு உண்ணாத ஒரே வகை இறைச்சியைச் சில வாரம் மட்டும் கொடுத்துப் பார்க்கும் முறையால் பல பூனைகள் தேறுகின்றன. அவ்வாரங்களில் வீட்டார் ஒருவர் ஒருவாய் மீன் கொடுத்தாலும் சோதனை பாழ். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. வெங்காயமும் பூண்டும் நஞ்சு. மனிதர் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை உயிரையே போக்கும். பச்சை மீனை மிகுதியாய்க் கொடுப்பின் பி1 உயிர்ச்சத்து அழிந்து நரம்பு கெடும். ஆகவே மீனை வேகவைத்தே கொடுக்க. பூனை இரண்டு நாள் முற்றும் உண்ணாதிருப்பின் கல்லீரலில் கொழுப்பு படியும் இடருண்டு. அப்போது காத்திராது மருத்துவரை நாடுக. இறைச்சி ஆகாதென்று சோறும் பருப்பும் மட்டும் கொடுத்தலும் கருணையாகாது. பூனையின் உடல் ஊனுணவின்றி வாழ இயலாத அமைப்புடையது.

செலவு பற்றிய உறுத்தலும் நியாயமானதே. பிள்ளையின் கல்வியை நிறுத்திப் பூனைக்கு மருந்து வாங்குக என யாம் கூறோம். கடல் கடந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கு அதனைக் கொண்டுசெல்லுதலும் கடமையன்று. இயன்ற அளவே கடமை. உணவைச் சீர்செய்தல், புழுமருந்து, தூய நீர், கழுவிய தரை ஆகியவற்றுக்குப் பணத்தினும் பொறுமையே மிகுதியாக வேண்டும். பெருஞ்செலவுக்கு அரசே துணை நிற்றல் வேண்டுமென்பதும் நம் மரபே. அசோக மன்னர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், சோழ பாண்டிய நாடுகளையும் குறிப்பிட்டு, மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் அமைத்ததைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே பொறித்துள்ளார்.

யாம் நூற்பாலையில் உழைத்த நாளில், இழை அறுந்த இடந்தோறும் விரலால் ஒட்டுவதே வேலை. இழை அறுதல் என்று நிற்கும் என யாரும் வினவியதில்லை. அறுந்ததை ஒட்டி அடுத்த கதிருக்கு நடந்தோம். நாட்பட்ட நோயைப் பேணுதலும் அத்தகையதே. தீருமா என்னும் ஏக்கத்தை மனத்திற் சுமந்தால் ஒரு திங்களில் சலிப்பு வரும்; இன்றைய கழிச்சலைக் கழுவி, இன்றைய உணவை அளந்து கொடுத்தால் இன்றைய கடமை முடிந்தது. வீட்டில் ஒருவரே இதனைச் சுமவாது, கணவனும் மனைவியும் பிள்ளைகளும் முறைவைத்துச் செய்க. கற்பிக்கும் செலவுக்கு அஞ்சும் அப்பிள்ளைகள், அருவருப்பின்றி ஓருயிரைத் தொட்டுக் கழுவுதலைச் செலவின்றியே கற்பர். தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்ட குலத்தில் வந்த நமக்கு, இதனினும் மேலான பாடம் வேறு யாதுளது?