தாளம் தப்பியவர் யார்?

கூட்டு வழிபாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது, நாம சங்கீர்த்தனத்தின் மகிமையைப் பற்றி எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோது வேறொரு விஷயம் மனதில் வந்து நின்றது. பலபேர் சேர்ந்து ஒரு காரியத்தைப் பழகுகிறார்கள்; அதில் ஒருவர் மட்டும் விடாமல் தவறு செய்கிறார். அவரை மற்றவர்கள் என்ன செய்வது நியாயம்? வெளிநாட்டில் சங்கம் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். எங்களுக்கு 2023-ல் வந்தது. நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். அந்த முடிவு சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஷார்ஜா தொழிற்பேட்டையை நேரில் பார்க்காதவர்களுக்கு அது எண்களாகத்தான் தெரியும்: இண்டஸ்ட்ரியல் ஏரியா நாலு, பத்து, பதிமூன்று. உள்ளே வந்தால் இரும்புப் பட்டறை, அலுமினியக் கடை, பழைய லாரி உதிரிபாகங்கள், டீக்கடை, அவற்றின் பின்னால் கேம்ப். ஷார்ஜாவில் நமக்குக் கோயில் கிடையாது. முன்பு பர் துபாய்க்குப் போவோம். அந்தப் பழைய கோயில் 2024 ஜனவரியில் மூடப்பட்டு, 2022 அக்டோபரில் திறந்த ஜெபல் அலி கோயிலோடு சேர்ந்துவிட்டது. தொழிற்பேட்டையிலிருந்து ஜெபல் அலிக்குப் போய்வர அரை நாள் ஆகிவிடும். ஆகவே வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை இரவு, வெள்ளி விடுமுறை உள்ளவர்கள் ஏழெட்டுப் பேர் ஓர் அறையில் கூடிப் பாட்டுப் பழகுவோம். கட்டில்களைச் சுவரோரம் நகர்த்தினால் இடம் கிடைக்கும். பக்கத்து அறைக்காரர்கள் நைட் டியூட்டி; எங்கள் பயிற்சி நேரத்தில் அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் மிருதங்கத்தைத் தொடமாட்டோம். வாசிப்பவர் கம்பளியை நாலாக மடித்து மடியில் வைத்து அதன்மேல் வாசிப்பார். ஜால்ராவின் விளிம்பில் துணி சுற்றியிருக்கும். சுருதிப் பெட்டி மெதுவாக ஒலிக்கும்.

ஜால்ரா அண்ணாச்சியிடம் இருந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், வளைகுடாவில் இருபத்திரண்டு வருஷம், அத்தனையும் கிரைண்டிங் வேலை. வெல்டிங் போட்ட இரும்பைத் தேய்த்துச் சமன் செய்வது. எங்களில் மூத்தவர். பயிற்சிக்கு ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. ஓவர்டைம் இருந்தால் கை காலைக் கழுவிக்கொண்டு நேரே வந்து உட்கார்ந்துவிடுவார். ஆனால் தாளம் நிற்காது. முதல் சரணம் வரை சரியாக இருக்கும். பிறகு அரைக்கால் அளவு பின்தங்குவார். நாங்கள் பாட்டை நிறுத்தி மறுபடி தொடங்குவோம். ஒருநாள், "என்ன தம்பி, ஜால்ராவை மாத்திட்டீங்களா, சத்தமே எழும்பல?" என்று கேட்டார். துணி சுற்றியிருக்கிறதே என்று சொல்லிச் சிரித்தோம்.

அந்த டிசம்பரில் ஐயப்ப பூஜைக்கு ஒரு மண்டபத்தில் பாட எங்கள் குழுவுக்கு வாய்ப்பு வந்தது. குடும்பங்கள் வரும், பெரிய பெரிய குழுக்கள் பாடும். நல்லதாக ஒன்று பாடவேண்டும் என்று, பாதியில் சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்கு நடை மாறும் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அண்ணாச்சி அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் பாட்டு கவிழ்ந்தது. ஐந்து வாரம் பார்த்தோம். பிறகு, விழாவன்று ஜால்ராவை இன்னொரு பையன் எடுத்துக்கொள்ளட்டும், அண்ணாச்சி கோஷ்டியில் பாடட்டும் என்று முடிவு செய்தோம். அதை அவரிடம் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நானும் சொன்னேன். அவர், "அதுக்கென்ன தம்பி, சாமி காரியம் நல்லா நடக்கணும்" என்றார். பாட்டும் நன்றாக நடந்தது, பாராட்டினார்கள். அடுத்த வியாழக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. 2024 மார்ச்சில் விசாவை ரத்து செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

இதைக் கேட்டதும் பலர் உடனே பூசலார் நாயனாரைச் சொல்வார்கள். காசில்லாதவர் மனதுக்குள்ளேயே கோயில் கட்டினார், அரசன் கட்டிய கோயிலை விட்டு ஈசன் அங்கே எழுந்தருளினார். ஆகவே பகவானுக்கு உள்ளம்தான் வேண்டும், தாளம் எதற்கு என்பார்கள். எனக்கு இந்த வாதம் பிடிப்பதில்லை. பூசலார் தனியாகக் கட்டினார். பக்கத்தில் இன்னொருவர் நின்று கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. அவருடைய மனக்கோயிலுக்கும் அஸ்திவாரம் முதல் கும்பாபிஷேகம் வரை ஒன்றுவிடாமல் முறையாகத்தான் நடந்தது என்பதை இப்படிப் பேசுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். பத்துப் பேர் கூடும் இடத்தில் என் தவறு என்னோடு நிற்பதில்லை. வாரத்தில் ஆறு நாள் இரும்போடு மல்லாடிவிட்டு வந்தவருக்குக் கிடைப்பது ஓர் இரவு. அதை நான் என் அலட்சியத்தால் கெடுத்தால் அதுவும் ஒரு திருட்டுதான். பஜனை சம்பிரதாயத்தை வகுத்த மகான்கள், காவிரிக் கரையில் போதேந்திராளும் ஸ்ரீதர அய்யாவாளும், பிறகு வந்த மருதாநல்லூர் சத்குரு ஸ்வாமிகளும், பக்தி இருந்தால் போதும் என்று விட்டுவிடவில்லை. எதற்குப் பின் எது பாடவேண்டும் என்ற பத்ததி மருதாநல்லூரில்தான் உருவாயிற்று.

ஆகவே பல மாதங்கள் வரை, நாங்கள் செய்தது வருத்தமான காரியம், ஆனால் நியாயமான காரியம் என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பு அசைந்தது ஒரு தேவாலய மணிக்கூண்டில்.

2024 கோடையில் இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கிராமத்துத் தேவாலயத்தில் மணி அடிப்பவர். வாரம் ஒரு மாலை பயிற்சி, வந்து பாருங்கள் என்று அழைத்துப் போனார். குறுகலான சுழல்படி. மேலே ஓர் அறை, கூரையிலிருந்து ஆறு கயிறுகள் வட்டமாகத் தொங்குகின்றன. கயிறு ஒன்றுக்கு ஓர் ஆள்.

நம் ஊர் கண்டாமணியைப் போல அதை நினைக்கக்கூடாது. அவர்களுடைய மணி ஒரு முழுச் சக்கரத்தில் மாட்டியிருக்கிறது. வாய் மேல்நோக்கி நிற்கும். கயிற்றை இழுத்தால் ஒரு முழு வட்டம் சுற்றி வந்து மறுபடி வாய் மேலாக நிற்கும். அந்தச் சுற்றில் நாக்கு ஒருமுறை அடிக்கும். பெரிய மணிகள் ஒரு டன்னுக்கும் மேல் இருக்கும். அவ்வளவு எடையை நினைத்த நேரத்தில் நிறுத்தவோ முடுக்கவோ முடியாது. அதனால் அதில் ராகம் வாசிக்க இயலாது. எல்லா மணியும் வரிசையாக ஒருமுறை ஒலிக்கும். அடுத்த சுற்றில் ஒரு மணி ஓரிடம் முன்னால் வரலாம் அல்லது ஓரிடம் பின்னால் போகலாம், அவ்வளவுதான். அப்படி இடம் மாற்றி மாற்றி, ஒரே வரிசை இரண்டாம் முறை வராமல் அடித்துக்கொண்டே போகிறார்கள். ஆறு மணிக்கு 720 வரிசை, ஏழுக்கு 5,040, எட்டுக்கு 40,320. எழுதி வைத்துப் பார்ப்பதில்லை, எல்லாம் மனப்பாடம். 1668-லேயே இதற்குப் புத்தகம் அச்சிட்டுவிட்டார்கள். 1963-ல் லஃபரோவில் எட்டுப் பேர் அந்த 40,320-ஐயும் ஆள் மாறாமல் 17 மணி 58 நிமிடத்தில் அடித்து முடித்தார்கள். இப்படி அடிக்கும் மணிகள் நம் நாட்டிலும் உண்டு. புனேயில் பஞ்ச் ஹவுத் தேவாலயம் என்று ஊரார் சொல்லும் ஆலயத்தில், அதே லஃபரோ ஊரின் டெய்லர் பட்டறையில் 1893-ல் வார்த்த எட்டு மணிகள் இருக்கின்றன.

இந்த வித்தையை யாரும் வீட்டில் தனியாகப் பழக முடியாது. ஒருவர் வராவிட்டால் ஒரு மணி குறையும். ஒருவர் தவறினால் ஊர் முழுக்கக் கேட்கும். ஊராரின் தொந்தரவுக்கு அஞ்சி, புதியவர்கள் பழகும்போது மணியின் நாக்கைக் கட்டிவிடுவதும் உண்டாம். இப்போதெல்லாம் நாக்கைக் கட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் மூலம் ஓசையை அறைக்குள் மட்டும் கேட்கச் செய்கிறார்கள். எனக்கு எங்கள் மடித்த கம்பளி ஞாபகம் வந்தது.

அன்று ஒரு நடுவயதுப் பெண்மணி புதிதாகப் பழகிக்கொண்டிருந்தார். நிமிஷத்துக்கு ஒருமுறை தப்பினார். அவருக்கு இருபுறமும் நன்றாக அடிக்கத் தெரிந்தவர்களை நிறுத்தியிருந்தார்கள். பின்னால் ஒருவர் வெறும் கையோடு நின்று, எந்தக் கயிறுக்குப் பின் இழுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெரியவரிடம், "இவ்வளவு ஓசையில் தன் மணி எது என்று எப்படிக் கேட்கிறார்?" என்றேன். "முதலில் கேட்காது, பார்க்கவேண்டும்" என்றார். மற்றவர் கைகளும் கயிறுகளும் இறங்குவதைக் கண்ணால் தொடர்ந்து, தன் முறை எது என்று கண்டுகொள்வதற்கு அவர்களிடம் தனிப் பெயரே இருக்கிறது. கயிற்றுப் பார்வை என்று தமிழில் சொல்லலாம். வட்டமாக நிற்பதால் ஒவ்வொருவரும் மற்றெல்லோரையும் பார்க்க முடிகிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணாச்சிக்குக் காது கேட்கவில்லை.

எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலுக்குமேல் சத்தம் இருந்தால் காதுக்கு ஆபத்து என்பது பட்டறைகளில் எல்லோரும் படிக்கும் பாடம். கிரைண்டர் அதையெல்லாம் எங்கோ தாண்டிவிடும். இப்படிக் கெடும் காதில் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். பேச்சு கேட்கும், ஆள் செவிடு என்று தெரியாது. ஆனால் வெண்கலத்தின் கணீர் ஓசை மங்கிப்போகும். இயர் பிளக் கொடுத்திருந்தார்கள். ஃபோர்மேன் கூப்பிடுவது கேட்காது என்று அதைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர்கள் பலர், அவரும் அப்படித்தான். துணி சுற்றிய ஜால்ராவை அவர் கையால் உணர்ந்தாரே தவிர, அதன் ஒலி அவருக்கு எட்டியிருக்காது. "சத்தமே எழும்பல" என்று வாய்விட்டும் சொன்னார். நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தபடி, படத்தை நோக்கி உட்காருவது வழக்கம். மிருதங்கக்காரர் அவருக்குப் பின்னால் இருந்தார். எதிரே உட்கார வைத்திருந்தால் கையைப் பார்த்துத் தாளம் பிடித்திருப்பார் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து வாரத்தில் எத்தனையோ முறை "அண்ணாச்சி, தப்புது" என்று சொன்ன எங்களில் ஒருவர்கூட ஏன் தப்புகிறது என்று கேட்கவில்லை.

சரி, காரணம் தெரிந்தும் சரிசெய்ய முடியவில்லை என்றால்? அப்போதும் கேள்வி மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. இதைப் பெரியவரிடம் கேட்டேன். அவர்கள் வழக்கம் இதுதான்: தவறுவதற்குப் பயிற்சி மாலை; ஞாயிறு ஆராதனைக்கு அன்று வந்திருப்பவர்களால் நன்றாக அடிக்க முடிந்ததை மட்டும் அடிப்பார்கள். புதியவர் இருந்தால், சிறிய மணியிலிருந்து பெரிய மணிவரை வரிசை மாறாமல் அடிக்கும் மிக எளிய முறைக்கு எல்லோரும் இறங்கிவருவார்கள். முப்பது வருஷ அனுபவசாலியும் அன்று அதைத்தான் அடிப்பார். அவருக்கு அலுக்காதா என்றேன். அலுக்கத்தான் செய்யும் என்றார் சிரித்துக்கொண்டே.

எங்கள் தவறு இதில்தான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அண்ணாச்சியிடமிருந்து ஜால்ராவை வாங்கியதைவிட, அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததுதான் பெரிய பிழை. நடை மாறாத எளிய நாமாவளி எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நன்றாகப் பாடியிருந்தால் சுத்தத்துக்கும் குறைவில்லை, ஆளுக்கும் குறைவில்லை. எங்களைப் பாராட்டவேண்டும் என்ற ஆசைக்கு அந்தத் திஸ்ர நடை தேவைப்பட்டது. சாமி பேரைச் சொல்லி அதை மூடிக்கொண்டோம். அவரும் அதே சாமி பேரைச் சொல்லி விலகிக்கொண்டார்.

இங்கே ஒருவர் நியாயமாகவே மறுத்துப் பேசலாம். எப்போதும் எளிய பாட்டையே பாடிக்கொண்டிருந்தால் நன்றாகப் பாடும் இளைஞர்கள் சலித்துப்போய் வேறு குழுவுக்குப் போய்விடுவார்களே? போவார்கள். எங்களிலும் ஒருவர் போயிருக்கிறார். பயிற்சியில் கடினமானதைப் பழகட்டும், தனியாக ஒரு பாட்டு பாடட்டும். குழுவின் பெயரால் பாடும்போது மட்டும் குழு முழுதும் அதில் இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். இதைப் படிக்கும் பாலவிகார் ஆசிரியைகளுக்கும், ஆண்டு விழாவுக்குக் குழந்தைகளைப் பொறுக்கி எடுப்பவர்களுக்கும் வேறு அபிப்பிராயம் இருக்கலாம். ஆங்கிலப் பக்கத்தில் இளையவர்கள் பதில் எழுதினால் மகிழ்ச்சியோடு படிப்பேன்.

ஷார்ஜா திரும்பியதும் முதல் வியாழனே உட்காரும் முறையை மாற்றினோம். படம் ஒரு பக்கம் இருக்க, நாங்கள் வட்டமாக, ஒருவர் கை ஒருவருக்குத் தெரியும்படி உட்காருகிறோம். சிலருக்கு முதலில் சாமிக்கு முதுகு காட்டுகிறோமோ என்று சங்கடமாக இருந்தது. தீபத்தை நடுவில் வைத்துச் சுற்றி வரும் திவ்யநாம பஜனையைச் சொல்லிச் சமாதானம் செய்தேன். பயிற்சி முடிந்ததும் டீக்கடையில் கரக் டீ, அது மாறவில்லை. இங்கிலாந்தில் அவர்கள் மதுக்கடைக்குப் போனார்கள்.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். நலம் விசாரித்துவிட்டு, ஊரில் மார்கழி பஜனைக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். "இல்ல தம்பி, நமக்குத்தான் தாளம் நிக்கலையே" என்றார். காது விஷயத்தைச் சொன்னேன். இரண்டு முறை உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பதாக வீட்டில் தினமும் சண்டை என்று சிரித்தார். திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் காதைக் காட்டுங்கள், பரிசோதனை அரை மணியில் முடிந்துவிடும் என்றேன். பொங்கல் கழித்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.