புதுப்பித்த தேதியும் வாய்மையும்

இணையப் பக்கம் ஒன்றின் தலைப்புக்குக் கீழே “கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது” என்று போடப்படும் தேதி, படிப்பவருக்குக் கொடுக்கப்படும் வாக்கு. அந்த நாளில் ஒருவர் பக்கத்தை மீண்டும் படித்தார், பிழைகளைத் திருத்தினார், இன்றைக்கும் இது செல்லும் என்று உறுதிசெய்தார் என்பதே அதன் பொருள். தளம் தேடுபொறியில் பின்தங்காமல் பார்த்துக்கொள்ளும் எஸ்இஓ பணியில், தேதியை மட்டும் மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. பக்கத்தை மெய்யாகவே திருத்த நாள்கணக்கில் ஆகலாம். இங்குதான் ஓர் அறக்கேள்வி எழுகிறது: இயந்திரத்தை நோக்கிச் சொல்லும் சொல்லையும் வாய்மை கட்டுப்படுத்துமா?

தேடுபொறி ஒரு பக்கத்தின் தகுதியை நேரடியாக அறிவதில்லை; அடையாளங்களிலிருந்து ஊகித்துக்கொள்கிறது. செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வுரை, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளைக் கொண்டு அதன் முக்கியத்துவத்தைக் கணக்கிடும் வழியை விளக்கியது. பின்னர் புதுமையும் ஓர் அடையாளமாக வலுப்பெற்றது. 2011 நவம்பரில் கூகுள் செய்த மாற்றம், அண்மைச் செய்திகளுக்குக் கூடுதல் இடம் கொடுத்தது. அது சுமார் 35 சதவீதத் தேடல்களைப் பாதிக்கும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. புதுமைக்கு மதிப்புக் கூடியதும், புதிதாக இருப்பதைவிடப் புதிதாகத் தோன்றுவது எளிது என்ற ஆசையும் கூடவே வந்தது.

பொய் என்றால் அதை நம்பி ஏமாற ஒருவர் வேண்டும், இயந்திரத்துக்கு நம்பிக்கை என்பதே கிடையாது, ஆகவே அதன் முன் தேதியை மாற்றிவைப்பது பொய்யாகாது என்று வாதிடலாம். இந்த வாதம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. தேடுபொறி வாங்கிய சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. தேடுகிற மனிதரிடம் சேர்க்கிறது. குழந்தையின் காய்ச்சலுக்கு எவ்வளவு மருந்து கொடுக்கலாம் என்று நள்ளிரவில் தேடும் தாய், முதலில் வரும் பக்கத்தையும் அதன் தேதியையும் நம்புகிறாள். பழைய அளவுக்கு மேல் புதிய தேதி ஒட்டப்பட்டிருந்தால் ஏமாறுவது அவள்தான். சொல் இயந்திரத்தின் வழியே போனாலும் கேட்பவர் மனிதரே.

எவர் சொல்லை நம்பலாம் என்பதை இந்திய மெய்யியல் அறிவின் வாயில்கள் பற்றிய ஆராய்ச்சியில் தெளிவாக வகுத்துவைத்திருக்கிறது. காட்சி, அனுமானம் ஆகியவற்றோடு பிறர் சொல்லையும் நியாய மரபு பிரமாணமாக ஏற்கிறது; சைவ சித்தாந்தமும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் உரைக்கு இடம் தருகிறது. ஆனால் எவர் சொல்லும் பிரமாணம் ஆகிவிடாது. சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும். ஒரு பொருளை நேரே அறிந்து, அறிந்தபடியே பிறருக்கு அறிவிக்க விரும்புபவரே ஆப்தர் என்பது நியாய மரபின் வாத்ஸ்யாயனர் உரை தரும் விளக்கம். புதுப்பித்த தேதிக்கும் இவை இரண்டும் வேண்டும்: மெய்யாகவே சரிபார்த்திருக்க வேண்டும், சரிபார்த்ததை மட்டுமே சொல்ல வேண்டும். பார்க்காமலே தேதி போட்டவரிடம் இரண்டும் இல்லை.

இம்மானுவேல் கான்ட் 1785-ல் எழுதிய அறவியல் நூல் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுத்துக் கடன் வாங்குவதை எல்லோருக்கும் பொதுவிதியாக்கினால், வாக்கை நம்ப ஆளே இருக்க மாட்டார்கள். வாக்கு என்ற வழக்கமே அழிந்துவிடும் என்கிறார் அவர். இணையத்தில் இது கண்முன்னே நடந்திருக்கிறது. பக்கம் எதைப் பற்றியது என்று தள உரிமையாளரே சொல்லும்படி ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ என்ற குறிச்சொல் இருந்தது. பக்கத்துக்குத் தொடர்பே இல்லாத சொற்களைப் பலரும் அதில் நிரப்பினார்கள். இணையத் தேடலில் தரவரிசையிட அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009-ல் கூகுள் வெளிப்படையாகச் சொன்னது. பொய் பெருகியதில் நேர்மையாக எழுதியவரின் குரலும் சேர்ந்தே போயிற்று. தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுத் தரும் சைட்மேப்பில் உள்ள கடைசி மாற்றத் தேதியைக்கூட, அது தொடர்ந்து சரியாக இருந்தால்தான் கூகுள் கணக்கில் கொள்கிறது.

இதனால் எஸ்இஓ பணியே தீது என்று முடிவுகட்டுவதும் பிழை. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் மாறிய பிறகும் பழைய நாளையே காட்டும் பக்கம், எழுதப்பட்டபோது உண்மையாக இருந்தாலும் இன்று மாணவரை வழிதவறச் செய்கிறது. எழுதி வெளியிட்டவருக்கு, அது பிறர் கண்ணில் படும் காலம் வரை பொறுப்பு உண்டு. நல்ல பக்கம் தேடுவோருக்கு அகப்படாமல் போவதும் இழப்பே. பிளேட்டோவின் ‘கோர்கியஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ், உடலுக்கு உண்மையான நலம் தரும் மருத்துவத்தையும் உடற்பயிற்சியையும் ஒருபுறம் வைக்கிறார். நலம் போன்ற தோற்றத்தை மட்டும் தரும் ஒப்பனையை மறுபுறம் வைக்கிறார். அந்தப் பிரிவினை இங்கும் பொருந்தும். அறுந்த இணைப்புகளைச் சரிசெய்வது, தலைப்பை உள்ளடக்கத்துக்கு ஏற்ப எழுதுவது, செல்போனில் பக்கம் விரைவாகத் திறக்கச் செய்வது, காலாவதியான தகவலை நீக்குவது ஆகியவை முதல் வகை. காசு கொடுத்து இணைப்பு வாங்குவது, தேடுபொறிக்கு ஒன்றும் வாசகருக்கு வேறொன்றும் காட்டுவது, தேதியை மட்டும் மாற்றுவது ஆகியவை இரண்டாம் வகை.

எந்தப் பணி எந்த வகை என்று அறிய ஒரு கேள்வி போதும்: தேடுபொறி என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் இந்த மாற்றம் படிப்பவருக்குப் பயன்படுமா? பயன்படும் என்றால் தயங்காமல் செய்யலாம். பயன்படாவிட்டாலும், சைட்மேப்பைப் போல உள்ளதை உள்ளபடி தேடுபொறிக்குத் தெரிவிப்பதில் குற்றமில்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லும் மாற்றமே விலக்க வேண்டியது. திருத்துவதற்கு எதுவும் இல்லாத பக்கத்தில் பழைய தேதியை அப்படியே விட்டுவைப்பதும் வாய்மையே. அதனால் தரவரிசையில் சில இடங்கள் இறங்கினாலும் அந்த இழப்பை ஏற்பதே கடமை.